மூன்றாம் பக்கம்

அந்த ஏப்ரலில்
பெனலாவ்ரா நகராட்சிக் கட்டடத்துக்கு
வேலைக்கு வந்துகொண்டிருந்தது
நான் ஒருவன்தான்.
தபால் எடைபோடும் தராசைச் சேர்த்தால் இருவர்.

மேயர் வானொலியில் சொல்லிவிட்டார்:
லிஸ்பன் பணம் வரும்போது வரட்டும்,
ஜூன் திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கியதை
இப்போதே பிரித்துக் கொடுப்போம்.
மூன்று மாதம் தண்ணீர்க் கட்டணம் இல்லை.
சந்தைக் கடைகளுக்கு வாடகை இல்லை.
பள்ளி மூடிக் கிடந்தாலும்
பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு வீடு தேடி வரும்.
சிறு தொழில் செய்பவருக்கு அறுநூறு யூரோ.

சொல்வது அவர் வேலை.
கண்ணாடித் தடுப்பில் அறுத்த
உள்ளங்கை அகலத் துளை வழியே
கொடுப்பது என் வேலை.

முதலில் வந்தார் முடிதிருத்தும் பெல்மீரு.
'சென்ற ஆண்டு இதே மாத வருமானம்' என்ற கட்டத்தில்
'தலைகள், சுமார் இருநூற்றுப் பத்து' என்று எழுதியிருந்தார்.
'இந்த ஆண்டு' கட்டத்தில்
'என் தலை மட்டும்.'
சிரித்தேன். கவசத்துக்குள் சிரித்தது
அவருக்குத் தெரிந்திருக்காது.
ரசீதுகள் சரியாக இருந்தன. முத்திரை குத்தினேன்.

பூக்கடை ஒதீலியா அடுத்து.
ஊரில் சாவு கூடியிருக்கிறதே,
வியாபாரம் எப்படிப் படுத்தது என்று
கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.
'அடக்கத்துக்கு ஐந்து பேர்தான் அனுமதி.
ஐந்து பேரும் கை கழுவிக்கொண்டே நிற்கிறார்கள்.
யார் கையில் பூ?'
அவளுக்கும் முத்திரை.

பிறகு கிராசியெத்.
இலையுதிர் காலத்தில் ஆற்றுப் பாலத்தோரம்
செஸ்நட் வறுத்து விற்பாள்.
மற்ற மாதங்களில் ஊருக்கெல்லாம் சட்டை தேய்ப்பாள்.
வரி எண் இல்லை, கடைப் பலகை இல்லை,
'இணைக்க வேண்டிய ஆவணங்கள்' என்னும் மூன்றாம் பக்கம்
துடைத்துவைத்த தட்டுபோல வெறுமையாக இருந்தது.
அதற்குப் பதிலாகத் துளை வழியே
எண்ணெய்க் கறை படிந்த
ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தள்ளினாள்.

மருத்துவர், ஐந்து வெள்ளை.
பத்திரப் பதிவாளர், ஒன்பது, கஞ்சி அதிகம்.
பாதிரியார், இரண்டு, பணம் பிறகு.
புரட்டிக்கொண்டே போனேன்.
ஒராசியு, நகராட்சி, நான்கு. நீலச் சட்டைக் காலரில் மை.

அது நான்.
பதினோரு வருடமாகச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
ஹேங்கரை வாங்கிக்கொண்டு வந்தவன்.
ரசீது கேட்டதே இல்லை.
இப்போது துளைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
ரசீது எங்கே என்று கேட்கிறேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் காலரைப் பார்த்தாள்.
மை இன்னும் போகவில்லை.

அன்று மாலை ஒரு வெள்ளைத் தாளோடு கிளம்பினேன்.
'கீழே கையெழுத்திடும் நாங்கள்
இவரிடம் சட்டை தேய்க்கக் கொடுத்தவர்கள்.'
மருத்துவர் நின்றபடியே போட்டார்.
பாதிரியார் பாக்கியை நினைத்துத் தயங்கி, பிறகு போட்டார்.
பத்திரப் பதிவாளர் ஜன்னலைத் திறக்கவே இல்லை.
பின்னால் கொடியில் ஒன்பது சட்டைகள்,
மடிப்பு மடிப்பாகச் சுருங்கி.

நகர்மன்றம் கணினித் திரையில் கூடி
இரண்டு மணி நேரம் விவாதித்தது.
ஒருவர் ஒலிவாங்கியைத் திறக்க மறந்து
முழு உரையும் ஆற்றினார்.
கடைசியில் பாதித் தொகை.
முந்நூறு யூரோ, 'விதிவிலக்கு' என்ற சொல்லோடு.

ஜூனில் சட்டையை வாங்கப் போனேன்.
நன்றி, கின்றி எதுவும் இல்லை.
புதிதாக அச்சடித்த புத்தகத்திலிருந்து
ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்:
எண் 1. நான்கு சட்டை. வரி உட்பட.
பழைய விலையைவிட நாற்பது காசு அதிகம்.

அந்த ஆண்டு வானத்தில் வெடி இல்லை.
ஊர் சீக்கிரம் தூங்கியது.
எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

என் மேஜையின் கீழ் இழுப்பறையில்
மூன்றாம் பக்கம் காலியாக இருந்ததால்
நான் திருப்பியனுப்பிய
பதினேழு படிவங்களின் நகல்கள் இருக்கின்றன.
அவர்களிடமும் நோட்டுப் புத்தகங்கள் இருந்திருக்கும்.
நான் கேட்கவில்லை.
அவற்றில் என் பெயர் இருந்திருக்காது.